அழிக்குமுன் படியெடுத்தல்

"சேமிப்பிடம் நிறைந்துவிட்டது" எனக் கைத்தொலைபேசி அறிவிப்பதைக் காணாத இல்லம் இன்று எமது கரையோரத்தில் அரிது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என அக்கரைப்பற்று வரை தொடரும் ஊர்களிலே, பிள்ளைகள் பாவித்துக் கழித்த கருவியே பெரும்பாலும் பெற்றோர் கைக்கு வந்து சேர்கின்றது. 16 அல்லது 32 ஜீபி கொள்ளளவுடைய அப்பழங்கருவியில், இயக்க மென்பொருளும் செயலிகளும் பெரும்பகுதியைக் கொண்டுவிடும். எஞ்சிய சிற்றிடம் சில திங்களில் நிறைந்துவிடுகின்றது. புதியது வாங்குதலும் எளிதன்று. 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக நின்ற அமெரிக்க டொலர், அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாவை எட்டியதை எவரும் மறந்திலர். ஆகவே இருப்பதை அழித்து இடம் காண்பதே பலரும் மேற்கொள்ளும் வழி.

அவ்வழி தவறன்று. ஆனால் எதனை அழிப்பது, எப்பொழுது அழிப்பது என்னும் இரண்டினையும் எண்ணாது விரலை அழுத்துதல் பெருந்தவறு என்பதே ஈண்டு யாம் கூறப் புகுந்தது.

பழங்கருவியொன்றில் அடங்கிக் கிடப்பவை யாவை? ஒருபால் காலை வணக்கப் படங்கள். வெள்ளிக்கிழமைதோறும் வரும் வாழ்த்துக்கள். பொங்கலுக்கும் பெருநாளுக்கும் நூறு கை மாறி வந்த அட்டைகள். எவர் எடுத்தனர் என்றே அறியப்படாத ஒளிக்காட்சிகள். மற்றொருபால், கட்டாரிலோ சவூதியிலோ உழைக்கும் வாப்பா தம் மகளுக்கு அனுப்பிய குரற்செய்தி. காலஞ்சென்ற பாட்டியாரின் கடைசிப் படம். மருதமுனைத் தறியிலே நெய்து முடித்த சேலையின் படம். காணி உறுதியின் பிரதி. முன்னவை மீண்டும் எங்கிருந்தும் வரும். பின்னவை ஒருமுறை போயின் போனவையே. கருவியோ இரண்டிற்கும் வேறுபாடு அறியாது. அவ்வேறுபாட்டை அறியவேண்டியவர் நாமே.

இவ்விழப்பு எத்தகையது என்பதை எமது கரை நன்கு அறியும். 2004-ஆம் ஆண்டு டிசெம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, அம்பாறை மாவட்டத்திலே 10,000-இற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் எமதே. தமிழர் முஸ்லிம் என்ற வேறுபாடின்றி, கடலை அடுத்திருந்த வீடுகளிலே திருமணப் படத்தொகுப்புகளும், பிறப்புச் சான்றிதழ்களும், கடிதங்களும் உயிர்களோடு சேர்ந்தே அழிந்தன. இறந்த குழந்தையின் முகத்தைக் காட்ட ஒரு படந்தானும் எஞ்சாத குடும்பங்கள் பல. அக்காலத்துப் படங்களுக்குப் பெரும்பாலும் ஒரே படி. அப்படியும் ஒரே வீட்டில். அலைமுன் மனிதர் செய்யக்கூடியது ஒன்றுமில்லாதிருந்தது. இன்று அதே இழப்பை நாம் எமது விரலாலேயே செய்துகொள்வது எத்துணைப் பேதைமை!

படியெடுத்துக் காத்தல் தமிழர்க்குப் புதிதன்று. பனையோலை நெடுங்காலம் நில்லாது; ஆதலின் சிதையும் ஏட்டைப் புதிய ஓலையில் எழுதிக்கொண்ட பின்னரே பழையதை நீரில் விடுதல் முறை. காலப்போக்கிற் படியெடுக்கும் உழைப்பு நின்றுபோக, நீரில் விடும் சடங்கு மட்டும் நிலைத்தது. ஆடிப்பெருக்கிலே ஏடுகள் ஆற்றோடு போன செய்தியை உ. வே. சாமிநாதையர் வருந்தி எழுதியுள்ளார். தொட்டால் ஒடியும் ஏடுகளைத் தேடியெடுத்து, 1887-இற் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றார் முயன்றிலரேல், நாம் இழந்தவை இன்னும் பலவாயிருக்கும். முதலிற் படி, பின்னர் நீர் என்னும் அம்முறையே கைத்தொலைபேசிக்கும் பொருந்தும்.

நிற்க. செய்யத்தக்கன யாவை? முதலாவதாக, பிறரிடமிருந்து வந்த குப்பையை அகற்றுக. வட்ஸ்அப் செயலியின் அமைப்புகளிலே சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பகுதி ஒன்றுண்டு. பலமுறை முன்னனுப்பப்பட்டவற்றையும், 5 எம்பீக்கு மேற்பட்ட பெருங்கோப்புகளையும் அது தனித்தனியே காட்டும். பெருங்கோப்புகளுள் வீட்டு ஒளிக்காட்சிகளும் இருக்கக்கூடுமாதலின், பார்த்தே அழித்தல் வேண்டும். வருவன யாவும் தாமே இறங்கிச் சேர்வதையும் அங்கேயே நிறுத்திவிடலாம். செயலிகளின் தற்காலிகக் கோப்புகளைத் துடைப்பதாலும் தீங்கில்லை. ஆனால் அதனருகே தரவு முழுவதையும் துடைக்கும் கட்டளையும் நிற்கும். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளற்க.

இரண்டாவதாக, நமக்கே உரியவற்றைப் படியெடுக்க. கம்பி கொண்டு கருவியைக் கணினியோடு இணைத்து, வன்தட்டு ஒன்றிற் பதிக. பதிந்ததைத் திறந்து பார்த்த பின்னரே கருவியிலுள்ளதை அழிக்க. இயலுமேல் மற்றொரு படியைக் கடலை விட்டு உட்புறத்தே அமைந்த சம்மாந்துறை போன்ற ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வைத்தல் நன்று. ஒரே இடத்தில் வைத்தவற்றை ஒரே அலை கொண்டு செல்லும்.

கூகிள் போட்டோஸ் காக்கும் என்று சிலர் கவலையற்றிருப்பர். படங்களை எல்லையின்றி இலவசமாகக் காத்த ஏற்பாடு 2021-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாளோடு முடிந்தது. இப்பொழுது கணக்கொன்றிற்கு 15 ஜீபி மட்டுமே இலவசம். மின்னஞ்சலும் அதனுள்ளே அடங்கும். மேலும், காப்பில் உள்ள படத்தை அச்செயலியினுள்ளே அழித்தால், கருவியிலும் காப்பிலும் ஒருங்கே அழியும். கருவியில் மட்டும் நீக்குதற்குரிய, இடத்தை விடுவிக்கும் கட்டளை வேறு. வட்ஸ்அப்பில் வரும் குரற்செய்திகள் அப்படக்காப்பிற் சேர்வதேயில்லை. வாப்பாவின் குரலை வேண்டுவோர் அதனைத் தனியே படியெடுத்தல் வேண்டும்.

யாவற்றையும் காத்தலும் ஒருவகை மறதியே என்பார் உளர். அக்கூற்றில் உண்மையுண்டு. ஒரே விருந்தின் நாற்பது படங்களை வைத்திருப்பவன் ஒன்றையும் பார்ப்பதில்லை. நான்கைத் தெரிந்து, எவர், எங்கு, எவ்வாண்டு எனப் பெயரிட்டு வைப்பவனே உண்மையிற் காப்பவன். பெயரில்லாப் படம் இரண்டாந் தலைமுறையில் அந்நியர் படமாகிவிடும்.

மாணவர்காள்! இக்கருவியின் நுட்பம் பெற்றோரினும் உங்களுக்கே நன்கு தெரியும். விடுமுறை நாளொன்றில் ஒரு மணி நேரம் அவர் அருகே அமர்ந்து, அவரைக் கேட்டுக் கேட்டு இப்பணியைச் செய்து கொடுங்கள். அவரைக் கேளாது எதனையும் அழிக்காதீர்கள். உங்களுக்குப் பயனற்றதாகத் தோன்றும் மங்கற்படம் அவர்க்கு உயிராயிருத்தல் கூடும்.

பழைய மாணவ அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வகுப்பறை, விளையாட்டுப் போட்டி, மறைந்த ஆசிரியர் முகம் ஆகியவற்றைக் காட்டும் எமது கல்லூரிப் படங்கள் இன்று உங்கள் பழங்கருவிகளிலேயே சிதறிக் கிடக்கின்றன. இடம் போதாதென அவற்றை நீக்குமுன், பெயரும் ஆண்டும் குறித்து ஒரு படியைச் சங்கத்தாரிடம் ஒப்படையுங்கள். சங்கத்தார் அவற்றை இரு வன்தட்டுக்களிற் பதிந்து, இரு வேறிடங்களில் வைப்பாராக. அதற்குச் செலவு சிறிது; இன்று அது செய்யப்படாதொழியின், அடுத்த விழா மலருக்குப் படம் தேடுவோர் வெறுங்கையராய் மீள்வர்.