ஐஸ் குறைந்தால் கேஸ் குறைந்ததா?

சகோதரிகளே, கட்டுகஸ்தோட்டையில் கூல் பார் நடத்தும் என் மச்சாள், சென்ற வருடம் பெரஹராவுக்கு முந்திய வாரம் அழாத குறையாகத் தொலைபேசியில் பேசினாள். ஐஸ் மெஷினில் வழமையான ஐஸில் பாதிகூட விழவில்லை. வந்து பார்த்தவர், "கேஸ் குறைஞ்சிருச்சு அக்கா" என்று நிரப்பிவிட்டுக் காசும் வாங்கிப் போனார். மூன்றாம் நாள் நிலைமை இன்னும் மோசம். மெஷின் சூடேறி அடிக்கடி தானாக நின்றது. ஐஸ் இல்லாமல் பலூடா விற்பது எப்படி? சீட்டுக் காசு கட்டும் நாளும் நெருங்கிவிட்டது.

இரண்டாவதாக வந்தவர் டோர்ச் அடித்துக் கண்டென்சரைத்தான் முதலில் பார்த்தார். பக்கத்துக் கடை கொத்து ரொட்டிக் கல்லின் எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து அதன் தகடுகளை அடைத்திருந்தன. தண்ணீரிலிருந்து எடுத்த வெப்பத்தை மெஷின் வெளியே விடும் இடம் அது. அடைபட்டால் ஐஸ் உறைய நேரமெடுக்கும். அதற்கு மேல் கேஸையும் கூடுதலாக ஏற்றினால் அழுத்தம் கூடி கொம்பிரசரே எரிந்துபோகலாம். அவர் தகடுகளைச் சுத்தம் செய்து, கேஸைச் சிலிண்டரில் இறக்கி, மெஷினில் ஒட்டியுள்ள விபரத் தகட்டில் எழுதியிருந்த நிறைக்கு அளந்து மீண்டும் ஏற்றினார்.

கேஸ் பெற்றோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வார்ப்பது மாதிரி. குழாய் மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, சவர்க்கார நுரை தடவினால் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உறையும் தட்டின் ஒரு பகுதியில் மட்டும் ஐஸ் பிடித்து மற்றப் பகுதி வெறுமையாக இருந்தால் கேஸ் குறைவைச் சந்தேகிக்கலாம். கட்டிகள் எல்லாமே வழமையைவிட மெலிந்து குழியாக இருந்தால் முதலில் தண்ணீர் வரத்தையும் பில்டரையும் பாருங்கள்.

காற்றில் திறந்துவிடவும் சம்மதிக்காதீர்கள். பல மெஷின்களில் உள்ள ஆர்-404ஏ ஒரு கிலோ, பூமியைச் சூடாக்குவதில் ஏறத்தாழ 3,900 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். இவ்வகை வாயுக்களைக் குறைக்கும் 2016ஆம் ஆண்டு கிகாலி திருத்தத்தை இலங்கையும் 2018இல் ஏற்றுக்கொண்டது.

இப்போது மச்சாள் போயா நாளில் கடை பூட்டியதும் பிளக்கைக் கழற்றிவிட்டு, மெல்லிய பிரஷால் தகடுகளின் போக்கிலேயே தூசி தட்டுகிறாள். ரொட்டிக் கல் மட்டும் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.