பிறர் நாயும் பொது வீதியும்

நாய்களின் வழக்கு 2025ஆம் வருஷத்தில் ஸுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. ஆகஸ்டு 11ந் தேதி இரண்டு ஜட்ஜுகள், டில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டுமென்று உத்தரவிட்டார்கள். பதினொரு நாட்களுக்குள் மூன்று ஜட்ஜுகள் அவ்வுத்தரவைத் திருத்தி, வெறி பிடித்தவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாமென்றார்கள். நவம்பர் 7ந் தேதி, பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரிகள், பஸ் நிலையங்கள், ரயில் நிலையங்கள் முதலிய இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்ற வேண்டுமென்றும், அகற்றியவற்றை மீண்டும் அங்கே விடலாகாதென்றும் மற்றோர் உத்தரவு பிறந்தது. தேசமெங்கும் ஜனங்கள் இரு கட்சியாகப் பிரிந்து, ஒரு சாரார் மற்றொரு சாராரைக் கொலைகாரரென்றும், இவர்கள் அவர்களைப் பைத்தியக்காரரென்றும் தூஷித்துக்கொண்டார்கள். இந்தக் கூச்சலில் ஒரு பிராணி மட்டும் எவர் கண்ணிலும் படாமல் போயிற்று. கழுத்திற் பட்டையும், கூப்பிடப் பெயரும், வீட்டில் எஜமானரும் உள்ள நாயையே சொல்லுகிறோம்.

திருவண்ணாமலைக்கு அடுத்த வேங்கிக்காலை நேயர்கள் பலர் அறிவார்கள். ஜில்லா கலெக்டர் கச்சேரி இருப்பது அங்கேதான். ஏரியும் வயலுமாக இருந்த கிராமம், கச்சேரி வந்தபின் உத்தியோகஸ்தர் வீடுகளும் வாடகை வீடுகளும் பெருகி, பெயரளவில் கிராமமாகவும் உண்மையில் நகரமாகவும் ஆகிவிட்டது. இத்தகைய ஊர்களில் விடியற்காலையில் நடப்பதென்ன? வாயிற் கதவு திறக்கப்படுகிறது. நாய் சங்கிலியின்றி வெளியே வருகிறது. அடுத்த வீட்டு வாசற்கோலத்தின் மீதோ, எதிர்ச்சாரி மணலிலோ தன் காலைக்கடனை முடிக்கிறது. எஜமானர் தாழ்வாரத்தில் அமர்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார். (அது நமது பத்திரிகையாகவும் இருக்கலாம்.) பால் வாங்கப் போகும் கிழவியையோ, ஸைக்கிளில் வேலைக்குப் போகும் தொழிலாளியையோ நாய் குரைத்துக்கொண்டு துரத்தும்போது மட்டும் அவர் தலைநிமிர்ந்து, "பயப்படாதீர்கள், அது ஒன்றும் செய்யாது" என்று அபயம் அளிப்பார். இன்னும் சிலர், "ஓடாதீர்கள், ஓடினால்தான் துரத்தும்" என்று உபதேசமும் செய்வார்கள். நாயைக் கட்டிவைக்க வேண்டிய கடமை எஜமானருடையது என்பது போய், எப்படி நடக்க வேண்டுமென்று கற்றுக்கொள்ளும் கடமை வழிப்போக்கருடையது என்று ஆகிவிடுகிறது. பொது வீதியில் நடப்பவன் பிறர் வீட்டு நாயின் சுபாவ விசேஷங்களைப் படித்துத் தேறியிருக்க வேண்டுமென்பது எந்த நியாயம்?

அண்ணாமலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பௌர்ணமிதோறும் லக்ஷக்கணக்கான ஜனங்கள் இரவெல்லாம் வெறுங்காலுடன் நடக்கும் வழி அது. வெறுங்காலுடன் நடப்பவனுக்கு வீதி என்பது காரில் செல்பவனுக்கு இருக்கும் வீதியன்று. நாயின் அசுத்தமும் இருட்டில் எழும் உறுமலும் காரின் கண்ணாடிக்குள் எட்டுவதில்லை. உயர்ந்த ஜாதி நாய்களை வாங்கி வளர்க்கும் சக்தியுள்ளவர்கள் பெரும்பாலும் நடப்பவர்களல்லர் என்பதை இவ்விடத்தில் கவனிக்க வேண்டும்.

இதைச் சிறு தொந்தரவென்று தள்ளுவோர்க்கு ஒரு கணக்கைக் காட்டுகிறோம். நாய் லேசாகப் பல் பதித்தாலும், உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முற்காலத்தில் ஜனங்கள், 1907ஆம் வருஷத்தில் ஏற்பட்ட குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டுக்கே பயணம் போனார்கள். பின்னர் ஊர் ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டார்கள். இப்பொழுது சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கையில் போடுகிறார்கள்; இலவசந்தான். ஆயினும் கடித்த நாளிலும், 3ஆம், 7ஆம், 28ஆம் நாட்களிலுமாக நான்கு தடவை போக வேண்டும். தினக்கூலிக்கு இது நான்கு நாட்கூலி. எஜமானர் தம் நாய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றென்று வாயால் சொல்லுவார். சர்ட்டிபிகேட் கேட்டால் தேடிப் பார்க்கிறேனென்பார். வெறிநோய் ஒருமுறை வெளிப்பட்டுவிட்டால் மருந்தில்லை. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் மடிகிறார்களென்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. அதில் மூன்றிலொரு பங்குக்கும் மேல் நம் தேசத்தில். ஆகையால் கடிபட்டவன், எஜமானர் வாய்ச்சொல்லை நம்பி வீட்டில் இருக்க முடியாது.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். தாராளமாக இருக்கிறது. தன் வசமுள்ள பிராணியால் மனித உயிருக்கு அபாயமோ கொடுங்காயமோ நேராதபடி தக்க ஜாக்கிரதை செய்யாதவனைத் தண்டிக்க 1860ஆம் வருஷத்துப் பீனல் கோடிலேயே 289வது செக்ஷன் இருந்தது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024ஆம் வருஷம் ஜூலை முதல் அமுலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதையில் அது 291வது செக்ஷனாகி, அபராதம் 5,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. பழைய ஆங்கிலச் சட்டத்தில், கடித்த நாயின் எஜமானனிடம் நஷ்டஈடு கேட்பவன், அந்நாய் கடிக்கும் சுபாவமுள்ளதென்று எஜமானனுக்கு முன்னமே தெரியுமென்பதை ருசுப்படுத்த வேண்டும். முதற்கடி நாய்க்கு இனாம் என்று வக்கீல்கள் வேடிக்கையாகச் சொல்வது இதனாலேயே. இங்கிலீஷ்காரர்கள் 1971ஆம் வருஷத்தில் ஒரு தனிச் சட்டம் செய்து இதைச் சீர்திருத்திக்கொண்டார்கள். நம் ஊர் எஜமானர்களோ, சட்டம் படியாமலே அந்தப் பழைய வாதத்தைக் கைக்கொண்டிருக்கிறார்கள். "அது ஒன்றும் செய்யாது" என்பதன் தாத்பரியம், இதுவரை ஒன்றும் செய்ததாக எனக்குத் தெரியாது என்பதே.

தமிழர் நாயை வெறுத்தவர்களென்று எவரும் சொல்ல முடியாது. இதே திருவண்ணாமலை ஜில்லாவில், செங்கம் பக்கத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மகேந்திரவர்ம பல்லவனது 34ஆம் ஆட்சியாண்டில் எழுப்பப்பட்டது. மாடு பிடிக்க வந்த பகைவருடன் பொருது மாண்ட ஒரு வீரனுக்கு எடுத்த கல். அவனருகே அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்ததென்று கல்லெழுத்துக் கூறுகிறது. நாயின் பெயர், எஜமானனின் பெயர், அது யாரைக் கடித்தது என்ற விவரம் ஆகிய மூன்றும் சுமார் ஆயிரத்து நானூறு வருஷங்களுக்குப் பின்னும் தெளிவாகக் கிடைக்கின்றன. இன்று வேங்கிக்காலில் ஒரு நாய் கடித்தால் அது யாருடையதென்று சொல்ல ஒருவரும் முன்வருவதில்லை.

ஜீவகாருண்யத்தின் பெயரால் நம்மை ஆக்ஷேபிப்போருக்கு இரண்டு பெரியோரை ஞாபகமூட்டுகிறோம். 1926ஆம் வருஷத்தில் ஆமதாபாத் ஆலை முதலாளி ஒருவர் தம் ஆலைப்புறத்தில் திரிந்த 60 நாய்களைக் கொல்லும்படி செய்தார். அஹிம்ஸா தர்மத்தின் பெயரால் பெருங் கிளர்ச்சி எழுந்தது. மகாத்மா காந்தி 'யங் இந்தியா'வில் தொடர்ந்து எழுதிய கட்டுரைகளில், கிளர்ச்சிக்காரர்களின் பக்கம் சேரவில்லை. எஜமானனில்லாத நாய் ஊரில் திரிவதே அவ்வூராரின் குற்றமென்றும், பசித்த நாய்க்கு எச்சிற் கவளத்தை எறிந்துவிட்டுப் போவது தயையாகாதென்றும், நாயிடம் அன்புள்ளவர் அதைத் தம்முடையதாக ஏற்றுப் பராமரிக்க வேண்டுமென்றும் அவர் வாதித்தார். கொல்வதை இன்று நாம் ஆதரிக்கவில்லை. 2001ஆம் வருஷம் முதல் விதிகளும் அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஆனால் ஏற்றுப் பராமரிக்க வேண்டுமென்ற பகுதிக்கு நூறு வருஷமாகப் பதில் சொன்னவர் இல்லை. இனி ரமண மஹரிஷி. அவரது ஆசிரமத்தில் நாய்களுக்கு முதலில் சோறிட்டார்களா என்று அவர் விசாரிப்பார். ஜாக்கி என்ற நாய்க்கு அங்கே சமாதியும் உண்டு. அந்த நாய்களை அவர் தம்முடன் வாழும் ஆசிரமவாசிகளாகவே நடத்தினார். இதை உதாரணங்காட்டி, பிறர் வீட்டு வாசலில் பிஸ்கோத்தை இறைத்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போகிறவர்கள் எதைக் கற்றுக்கொண்டார்களோ நாமறியோம். 2023ஆம் வருஷத்து விதிகளும், மாடிப்படி, கட்டடவாயில், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றுக்கு அப்பால், குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் உணவிட வேண்டுமென்று சொல்லுகின்றன. அவ்விதிகளை நாய்ப் பிரியர்கள் பாதி மட்டும் படிக்கிறார்கள்.

சென்னை நகரம் அடிபட்டு விழித்துக்கொண்டது. 2024ஆம் வருஷம் மே மாதத்தில், நுங்கம்பாக்கத்து மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் கடித்துக் குதறின. குழந்தை அப்பூங்காக் காவற்காரரின் மகள். அந்தப் பொது இடமே அக்குடும்பத்தின் வீடு. எஜமானர் கைது செய்யப்பட்டார். 2025ஆம் வருஷத்தில் மாநகராட்சி, லைசென்ஸ் இல்லாத வளர்ப்பு நாய்க்கு 5,000 ரூபாய் அபராதமென்று விதித்தது. மத்திய சர்க்கார் 2024ஆம் வருஷத்தில் வேறு வழியில் புகுந்து 23 ஜாதி நாய்களைத் தடுக்க முயன்றது. கர்நாடக ஹைகோர்ட்டு அந்தச் சுற்றறிக்கையை ரத்துச் செய்துவிட்டது. ஜாதியைக் கணக்கெடுப்பதில் நமக்கும் அதிக நம்பிக்கையில்லை. சங்கிலியிலிருக்கும் ராட்வைலர், சங்கிலியில்லாத நாட்டு நாயைவிட வழிப்போக்கனுக்குக் குறைந்த அபாயமே.

திருவண்ணாமலையும் 2024ஆம் வருஷத்தில் மாநகராட்சி ஆயிற்று. சென்னையைப்போல் ஒரு குழந்தை குதறப்படும்வரை காத்திராமல், இங்கும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் நாய்களைப் பதிவு செய்யத் தொடங்கலாம். குடிசைக்குக் காவலாக ஒரு நாய் வைத்திருக்கும் ஏழையிடம் கட்டணம் வாங்க வேண்டாம். நாய்க்குத் தடுப்பூசியும் கழுத்தில் நம்பர் வில்லையும் சர்க்காரே இலவசமாகக் கொடுக்கட்டும். மாடி வீட்டாரிடம் கட்டணம் வாங்கட்டும். வீதிக்கு வரும் நாய் சங்கிலியில் வர வேண்டும். அது செய்யும் அசுத்தத்தை எஜமானரே எடுக்க வேண்டும். நாயைப் பிடித்துக்கொண்டு காலையில் உலாவ வெட்கப்படாதவர், ஒரு காகிதப் பையைக் கையில் எடுத்துச் செல்ல ஏன் வெட்கப்பட வேண்டுமோ தெரியவில்லை.

அதுவரையில் ஒரு வழி இருக்கிறது. பொதுஜனத் தொந்தரவை நீக்கவும், அபாயகரமான பிராணியைக் கட்டி அடைத்துவைக்கும்படி அதன் சொந்தக்காரருக்கு உத்தரவிடவும், கிரிமினல் புரொஸீஜர் கோடு 133வது செக்ஷன் ஜில்லா மாஜிஸ்டிரேட்டுக்கு அதிகாரம் தந்திருந்தது. புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையில் அது 152வது செக்ஷன். ஜில்லா மாஜிஸ்டிரேட் என்பவர் கலெக்டரே. அவர் கச்சேரி வேங்கிக்காலிலேயே இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் அங்கே குறைதீர்க்கும் மனுக்கள் வாங்குகிறார்கள். பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் மனுக்கொடுக்க வரிசையில் நிற்பவர்களோடு, நாய்க்கடி பட்டவர்களும், ஆஸ்பத்திரிச் சீட்டுடனும் நாய் எவருடையதென்ற விவரத்துடனும், இந்தச் செக்ஷனைக் குறிப்பிட்டு மனு எழுதிக்கொண்டு போய் நிற்கலாம்.