காசி அழியக்கூடிய ஊர்

காசியைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றை முதல் வரியோடு மூடிவைத்துவிடலாம். 'காலத்தைக் கடந்த நகரம்' என்று ஆரம்பிக்கும். நடுவில் சந்து, மாடு, லஸ்ஸி, படகு. கடைசியில் மணிகர்ணிகை. எரிகிற சிதையைப் பார்த்து எழுதுபவருக்கு அரை மணி நேரத்தில் நிலையாமை விளங்கிவிடும். மறுநாள் விமானத்தில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவார். இதற்கு நம்மூரில் மயான வைராக்கியம் என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். அது உள்ளூர்ச் சுடுகாட்டிலேயே கிடைக்கும், அதற்காகக் காசி வரை போக வேண்டியதில்லை.

வெறும் சலிப்பு என்றால் படிக்காமல் விட்டுவிடலாம். என் சண்டை அந்த முதல் வரியோடு. 'அழியாத', 'காலம் கடந்த' போன்ற பெயரடைகள் பார்க்க அலங்காரம் போல இருந்தாலும் ஒரு வேலையைக் கச்சிதமாகச் செய்துவிடுகின்றன. யார் கட்டினார்கள், யார் இடித்தார்கள், யார் துடைக்கிறார்கள் என்று யாரும் கேட்காதபடி பார்த்துக்கொள்கின்றன. அழியாத ஒன்றைப் பராமரிக்க ஆள் எதற்கு?

சைவ மரபில் காசிக்கு அவிமுக்தம் என்று ஒரு பெயர் உண்டு. சிவன் ஒருபோதும் விட்டு நீங்காத இடம். பிரளயத்தில் உலகமே முழுகும்போதும் இந்த ஊரைத் தன் சூலத்தின் முனையில் தூக்கிப் பிடித்துக்கொள்வார் என்கிறார்கள். இதில் எனக்குப் புகார் எதுவும் இல்லை. அது நம்பிக்கையின் காசி, அங்கே நகராட்சி கிடையாது. நான் போய் இறங்கிய காசியில் நகராட்சி இருக்கிறது, சாக்கடைக் குழாய் இருக்கிறது, வாடகைக்குக் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்றின் பெருமையை எடுத்து மற்றொன்றின் ஓட்டையை அடைப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

இந்த இரண்டாவது காசிக்கு வயது கேட்கலாம். கேட்டால் சொல்லும். இன்று நாம் வரிசையில் நின்று கும்பிடும் விஸ்வநாதர் கோயில், அகல்யாபாய் ஹோல்கர் 1780-ஐ ஒட்டிக் கட்டியது. அதற்கு முன் 1585 வாக்கில் அக்பரின் அமைச்சர் தோடர்மாலின் ஆதரவில் எழுந்த பெரிய கோயிலை 1669-இல் ஔரங்கசீப் ஆணையிட்டு இடித்தார். அந்த இடத்தில் ஞானவாபி மசூதி நிற்கிறது. இடையில் நூறு வருடத்துக்கும் மேலாக விஸ்வநாதருக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு கோயில் கிடையாது. விமானத்தில் மின்னும் தங்கம் 1830களில் பஞ்சாப் அரசர் ரஞ்சித் சிங் கொடுத்தது. தசாஸ்வமேத காட் 1748-இல் பேஷ்வா பாலாஜி பாஜிராவ் காலத்துக் கட்டுமானம். படகிலிருந்து நாம் படமெடுக்கும் அந்த நீண்ட கல் முகப்பில் பெரும்பகுதி 18-ஆம் நூற்றாண்டில் மராத்தியப் பணத்தில் வந்தது. மாலையில் பட்டு உடுத்தி வரிசையாக நின்று அடுக்கு விளக்கைச் சுழற்றும் ஆரத்தி, இன்றைய அந்த வடிவத்தில், 1990களில் வந்தது. அதாவது என்னைவிட இளையது.

நிஜமாகவே பழைய காசி வேண்டுமென்றால் ராஜ்காட்டுக்குப் போக வேண்டும். ஊரின் வடகோடி, காசி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், 1887-இல் திறந்த இரும்புப் பாலத்தின் ஓரம். 1940-இலும் பிறகு 1960களிலும் தோண்டியதில், கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆட்கள் குடியிருந்த அடையாளங்கள் கிடைத்தன. இப்போது அங்கே கம்பிவேலிக்குள் செங்கல் அடித்தளங்களும், அவற்றோடு ஒரே வளாகத்தில் 1773-ஆம் வருடத்து லால் கானின் கல்லறையும் இருக்கின்றன. நான் போன மதியம் அங்கே என்னைத் தவிர இரண்டு காதலர்களும் ஒரு காவலாளியும்தான். காலம் கடந்த நகரத்தைத் தேடி வந்த அத்தனை பேரும் தெற்கே, இருநூற்றைம்பது வயதான படிக்கட்டுகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

இடிப்பதிலும் காசி பின்தங்கிய ஊர் இல்லை. 1794-இல் ஜகத் சிங்கின் ஆட்கள் சாரநாத்தில் ஒரு பெரிய ஸ்தூபியைச் செங்கல்லுக்காகப் பிரித்தெடுத்து, நகருக்குள் சந்தை கட்டக் கொண்டுபோனார்கள். உள்ளே கிடைத்த எலும்புகள் கங்கைக்குப் போயின. அங்கே மதவெறி ஒன்றும் வேலை செய்யவில்லை. செங்கல் மலிவு, அவ்வளவுதான்.

மணிகர்ணிகைக்கு அடுத்து, சிந்தியா காட்டின் ஓரத்தில் ஒரு கோயில் சாய்ந்து நிற்கிறது. ரத்னேஷ்வர் மகாதேவ். வருடத்தில் பாதிக்கு மேல் அதன் கருவறை தண்ணீரிலோ சேற்றிலோதான் கிடக்கும். படகோட்டி எனக்குக் கதை சொன்னார். ஒருவன் தன் அம்மாவுக்காக அந்தக் கோயிலைக் கட்டினானாம். கட்டி முடித்துவிட்டு, 'அம்மா, உன் கடனைத் தீர்த்துவிட்டேன்' என்றானாம். தாய்க்கடன் தீருமா? கோயில் சாய்ந்துவிட்டது. நல்ல கதை, ரசித்தேன். "அஸ்திவாரம் சேறுல இருக்கே, அதுனால இருக்குமோ?" என்று என் ஓட்டை இந்தியில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அதுவும்தான் பையா, பக்கத்துல இந்தப் படிக்கட்டே கனம் தாங்காம ஒரு தடவை உள்ள போயிடுச்சு" என்றார். கதையும் தெரியும், மண்ணும் தெரியும். அவருக்கு இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை. நம் பயணக் கட்டுரையாளர்கள் கதையை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

நான் போனது அக்டோபர். வெள்ளம் வடிந்திருந்தது. வடிந்த பிறகு காசியின் படிகளை யாரும் படமெடுத்துப் போடுவதில்லை, ஏனென்றால் படிகளே இருப்பதில்லை. ஆள் உயரத்துக்கு வண்டல் ஏறிக் கிடக்கும். டீசல் மோட்டாரைப் படகிலோ கரையிலோ வைத்து, கங்கைத் தண்ணீரையே உறிஞ்சி, தடித்த குழாயால் அந்த வண்டலின் மேல் பீய்ச்சி அடிக்கிறார்கள். மேல்படியில் தொடங்கி ஒவ்வொரு படியாகக் கீழே இறங்க வேண்டும். குழாய் பிடிப்பவர் முழங்கால் வரை சேற்றில் நிற்கிறார். அழுத்தத்தில் குழாய் திமிறும், பின்னால் ஒருவர் அதைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறார். காலையிலிருந்து மாலைக்குள் நாலைந்து படி வெளியே வந்தது. வண்டல் திரும்ப ஆற்றுக்கே போகிறது. அடுத்த வருடம் மறுபடியும் வரும். இது சரியான முறையா என்று கேட்க நிறைய இருக்கிறது. ஆனால் நாங்கள் நின்று கொண்டிருந்த 'அழியாத' படிக்கட்டு அன்றைக்கு அந்த மூன்று பேரின் தினக்கூலியில் இருந்தது.

மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். 'எங்கள் சர்வர் விழுந்ததே இல்லை' என்று மேடையில் ஒருவர் பெருமை பேசினால், இரவு மூன்று மணிக்கு யாரோ ஒருத்தி ஆன்-காலில் கண் விழித்துக் கிடக்கிறாள் என்று அர்த்தம். அவள் பெயர் ஸ்லைடில் இருக்காது. இந்த ஊரின் வண்டலைத் தள்ளுபவர்கள், சிதை அடுக்கும் டோம் சமூகத்தினர், சந்தில் குப்பை அள்ளுபவர்கள் யாருமே நம் கட்டுரைகளில் ஆட்களாக வருவதில்லை. 'மரணத்தின் நடுவே வாழ்வு' என்ற தத்துவத்துக்குப் பின்திரையாகத்தான் வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு நாள் கூலி என்ன என்று கேட்டவர் எத்தனை பேர்?

இப்போது அந்தப் பெரிய சர்ச்சைக்கு வருகிறேன். விஸ்வநாதர் கோயிலைச் சுற்றிய வளாகம் 2021 டிசம்பர் 13 அன்று திறக்கப்பட்டது. 3,000 சதுர அடியாக இருந்த இடம் சுமார் 5 லட்சம் சதுர அடியானது. அரசே சொன்ன கணக்கின்படி 300-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் வாங்கப்பட்டன, கடைக்காரர்கள், குடியிருந்தோர், உரிமையாளர்கள் என 1,400 பேர் இடம் மாறினார்கள், வீடுகளுக்குள்ளிருந்து 40-க்கும் அதிகமான சிறு கோயில்கள் வெளியே வந்தன. ஆதரிப்பவர்கள் 'அழியாத காசி புத்துயிர் பெற்றது' என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் 'அழியாத காசியை அழித்துவிட்டார்கள்' என்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் மூலதனம் ஒரே பெயரடைதான்!

ஆதரிப்பவர்களிடம் நான் கேட்பது எளிது. அந்த 1,400 பேர் இப்போது எங்கே? கட்டடத்துக்குக் கொடுத்த விலையில் வாசலில் நடந்த வியாபாரத்துக்கும், மூன்று தலைமுறையாகக் கும்பிட்ட வீட்டுச் சாமிக்கும் என்ன கணக்கு? புத்துயிர் என்று சொல்லிவிட்டால் இதெல்லாம் சில்லறைக் கேள்வியாகிவிடும் என்பதுதான் அந்தச் சொல்லின் வசதி.

எதிர்ப்பவர்களில் எனக்கு நெருக்கமான நண்பர்கள் உண்டு, அவர்கள் மேல்தான் கோபம் அதிகம். அவர்கள் அழுவது சந்துக்காக. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அந்தச் சந்தில், வெயில் படாத அறையில், ஆறு பேர் குடும்பத்தோடு இருந்து பார்த்தவர் யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. நெரிசலும் ஈரமும் வருடத்தில் நாலு நாள் போகிறவனுக்கு அழகியல். இடித்தது சரியென்று சொல்ல வரவில்லை. குடியிருந்தவர்களுக்கு என்ன வேண்டியிருந்தது என்பதை இடித்தவர்களும் பொருட்படுத்தவில்லை, புலம்பியவர்களும் கேட்கவில்லை என்கிறேன்.

தமிழர்களுக்கும் காசிக்கும் உள்ள உறவு என்று பேச்செடுத்தால் குமரகுருபரரின் மடம், அனுமான் காட்டில் 1898 முதல் 1902 வரை அத்தை வீட்டிலிருந்து படித்த பாரதி என்று மேடையில் ஏற்றிவிடுகிறோம். எனக்குப் பிடித்த உறவு வேறு. நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து தினமும் பாலும் பூவும் வில்வமும் விபூதியும் விஸ்வநாதர் பூஜைக்கு ஊர்வலமாகப் போகின்றன. 'சம்போ' என்று குரல் கொடுத்துக்கொண்டே போவதால் அதற்கு அதுவே பெயர். 200 ஆண்டுகளாக நடக்கிறது. இதில் தத்துவம் எதுவும் இல்லை. பால் யார் வாங்குவது, இன்றைக்கு யார் தூக்குவது, செலவு எந்தக் கணக்கில் என்று செட்டியார்கள் எழுதி வைத்திருப்பார்கள். நாளைக்கு ஆள் வராவிட்டால் நின்றுவிடும் என்பது தெரிந்தவர்கள் நடத்தும் காரியம் அப்படித்தான் இருக்கும்.

மிச்சம் இருப்பது கங்கை. என் பெரியப்பாவின் பூஜை அலமாரியில் மூடி ஈயம் வைத்து அடைத்த கங்கைச் சொம்பு இருக்கிறது. "கங்கை தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கும்டா, அதுக்கு எந்த அழுக்கும் ஒட்டாது" என்பார். அழியாத நகரத்தின் மறுபாதி இது. வாரணாசி என்ற பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படும் வருணா, அசி என்ற இரண்டு ஆறுகளில் அசி இன்று ஒரு சாக்கடை. ராஜீவ் காந்தி 1986-இல் கங்கைத் திட்டத்தைத் தொடங்கி வைத்ததே காசியில்தான். அதன் பிறகு எத்தனை பெயரில் எத்தனை திட்டங்கள்!

சங்கட மோசன் கோயில் மகந்த் வீரபத்ர மிஸ்ராவைப் பற்றி அவரிடம் சொன்னேன். 2013-இல் காலமானவர். பரம்பரையாக வந்த மகந்த் பதவியோடு, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஹைட்ராலிக்ஸ் பேராசிரியர். தினமும் துளசி காட்டில் கங்கையில் குளிப்பார். 1982-இல் அவர் தொடங்கிய அமைப்பின் ஆய்வகம் அதே தண்ணீரை எடுத்துச் சோதித்தது. குளிக்கும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு 2,500-க்கு மேல் மலக் கோலிஃபார்ம் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு அளவுகோல். சாக்கடை கலக்கும் இடங்களில் அது லட்சங்களில் வந்தது. கங்கை அழுக்காகாது என்று அவர் சொல்லவில்லை. தாய் என்று நம்பியதால்தான் எண்ணினார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவரே தினமும் முங்கினாரு இல்ல? அப்புறம் என்ன?" என்றார் பெரியப்பா.

"முங்கிட்டு மேல வந்து பாட்டில்ல தண்ணி புடிச்சு ஆய்வகத்துக்கு அனுப்பினாரு பெரியப்பா, அதையும் சேத்துச் சொல்லுங்க" என்றேன். சொம்பைப் பார்த்தார். அடுத்த முறை போகும்போது இன்னொரு சொம்பு வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்.