உயிர் காக்கும் சொல் தமிழில் ஒலிக்கட்டும்!

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தமிழ்நாட்டுத் தாய்மார் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கின்றனர். மதிப்பெண்ணைப் பற்றிய கவலையினும், பிள்ளை எங்குப் போய் நிற்கின்றானோ என்னும் அச்சமே அவர்களைப் பெரிதும் வாட்டுகின்றது.

அவ்வச்சம் வெற்றச்சம் அன்று. 2022-ஆம் ஆண்டில் இந்திய ஒன்றியத்தில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட மாணவர் 13,044 பேர் என நடுவணரசின் குற்றப் பதிவு ஆவணகமே கணக்குக் காட்டியது. அவருள் தமிழ்நாட்டார் 1,416 பேர். நாளொன்றுக்கு ஏறத்தாழ நால்வர்! வகுப்பொன்றுக்கு நாற்பதின்மர் எனக் கொள்ளின், ஓராண்டில் முப்பத்தைந்து வகுப்பறைகள் வெறுமையாயின என்க.

இத்துயர் துடைக்க எவரும் ஒன்றும் செய்திலர் என்பது நேர்மையாகாது. 1986-இல் சென்னையில் மருத்துவர் இலக்குமி விசயகுமார் தோற்றுவித்த 'சிநேகா', பெயர் வடசொல்லாயினும், தமிழ்மக்கள் துயருக்குச் செவிகொடுத்து வரும் அமைப்பாகும். தேர்வில் தவறியோர் ஓராண்டு காத்திராமல் உடனடியாக எழுதும் துணைத்தேர்வு, பல இளைஞர்க்கு மறுவாழ்வு தந்தது. தமிழ்நாட்டரசின் 104, சிறுவர்க்கான 1098, 2022-இல் தொடங்கப்பெற்ற 14416 ஆகிய தொலைப்பேசி எண்களும் உள.

ஆயினும் எண் இருந்தால் மட்டும் போதுமா? அவ்வெண் தனக்குரியது என்று ஊர்ப்புறத்து மாணவி உணர்தல் வேண்டாவா? நடுவணரசோ ஆங்கிலத் தலையும் வடமொழி உடலும் ஒட்டி அதற்கு 'டெலி மானசு' எனப் பெயர் சூட்டிற்று. தமிழ்நாட்டரசு 'நட்புடன் உங்களோடு' என அதனை வழங்கியது நன்று. 'கவுன்சலிங்' என்னும் சொல்லைக் கேட்ட மாணவன் கல்லூரியில் இடம் பெறும் கலந்தாய்வையன்றோ நினைக்கின்றான்! அயற்சொல் அழகுக் குறைவு மட்டுமன்று. உயிர் காக்கும் வாயிலையே மறைத்துவிடும் திரையுமாகும்.

துயருற்றோர் தாய்மொழியிலேயே அழுவர். "நெஞ்சு கனக்கிறது", "எதிலும் பிடிப்பில்லை", "நான் இருந்தென்ன, போயென்ன" என்றே அவர் கூறுவர். இச்சொற்களின் அடியில் கிடக்கும் இடரை, நெல்லைப் பேச்சிலும் கொங்குப் பேச்சிலும் ஒருங்கே கேட்டறியவல்ல பயிற்சி பெற்ற தமிழரே மறுமுனையில் இருத்தல் வேண்டும்.

எனவே இப்பணி மூவகையில் விரிதல் வேண்டும். முதலாவது, ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் நிலையான உளநலத் துணைவர் ஒருவர். இரண்டாவது, தேர்வு முடிவுக் காலத்தில் பன்மடங்கு செவிமடுப்போர். மூன்றாவது, உயிர் மாய்க்க முயன்று பிழைத்தவரை மருத்துவமனை வாயிலோடு விட்டுவிடாமல், வாரந்தோறும் தொடர்ந்து கண்டு பேசும் ஏற்பாடு. ஒருமுறை முயன்றவர்க்கே இடர் மிகுதி என்பது மருத்துவம் கண்ட உண்மை. முயன்றவரைக் குற்றவாளியாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 சூலையில் அச்சட்டத்தோடு மறைந்தது. எனினும் காவல் நிலையத்துக்கு அஞ்சி, "தவறி நேர்ந்தது" என மறைக்கும் பெற்றோர் இன்றும் உளர். அவ்வச்சத்தைப் போக்குதல் அரசின் கடன்.

தமிழியக்கத்தார்க்கும் ஒரு கடன் உண்டு. 2017-இல் அரியலூர் மாணவி மறைந்தது முதல், நீட் தேர்வை எதிர்க்கும் மேடைகளில் மறைந்த மாணவர் படங்கள் மாலையோடு நிற்கின்றன. அத்தேர்வின் கொடுமையை எதிர்ப்பது அறமே. ஆனால் அச்சாவுகளை ஈகமென்று புகழ்வது அறமாகாது. மேடையில் முழங்கும் அப்புகழ்ச்சி, கூட்டத்தின் கடைசி வரிசையில் தனித்து நிற்கும் சோர்ந்த நெஞ்சில் வழிகாட்டலாய் விழுந்துவிடும். தமிழுக்கு வேண்டுவன வாழும் இளைஞரின் நாவும் தோளுமே. அவர்தம் படங்கள் அல்ல.

சாவெண்ணம் உண்டா என நேரே வினவினால் அவ்வெண்ணம் புதிதாய் முளைக்கும் என்பது பிழையான அச்சம். அன்போடு வினவுக, இடைமறியாது கேட்க, தனியே விடற்க, 14416-ஐ அழைத்துக் கொடுக்க. மொழி காக்கப் புறப்பட்டோர், அம்மொழி பேசும் பிள்ளைகளின் உயிரை முதற்கண் காப்பாராக!