ஒரு நிமிடம் நாடி பாருங்கள்



"சார், அப்பாவுக்கு இதயத்துல மேப்பிங் பண்ணி, அப்லேஷன் செய்யணுமாம். செய்யலாமா?" என்று இந்த ஆண்டில் மூன்று பேர் போனில் கேட்டுவிட்டீர்கள். நான் டாக்டர் இல்லை, வாத்தியார். முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் இதய மருத்துவர். எனக்குத் தெரிந்ததை எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதுகிறேன்.

பள்ளிக்கூட மணி ஓர் இடத்தில்தான் அடிக்க வேண்டும். இதயத்திலும் அப்படித்தான். வலது மேலறையில் உள்ள ஓர் இடத்திலிருந்து மின்துடிப்பு கிளம்ப வேண்டும். கண்ட இடத்திலும் ஆளாளுக்கு மணி அடித்தால் என்ன ஆகும்? அதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும். அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு.

தப்பு மணி பெரும்பாலும் எங்கே அடிக்கிறது என்பதை 1998-இல் பிரான்ஸ் நாட்டின் போர்டோ நகர மருத்துவர் மிஷேல் ஹைசகேரும் அவர் குழுவினரும் காட்டினார்கள். நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களின் வாய்ப்பகுதி அது. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பிக் குழாயைச் செலுத்தி, மேலறையை உள்ளிருந்து அளந்து கம்ப்யூட்டரில் படம் வரைவதே மேப்பிங். நம் நிலத்துக்கு சர்வே எடுப்பது போல. பிறகு அந்த வாய்களைச் சுற்றிச் சூட்டினாலோ குளிராலோ தழும்பு உண்டாக்குவது அப்லேஷன். வயலைச் சுற்றி வரப்புப் போட்டால் தண்ணீர் தாண்டாது. தழும்பைத் தாண்டி மின்சாரம் போகாது.

இது எல்லோருக்கும் ஏற்றதல்ல. சிலருக்கு மறுபடியும் செய்ய வேண்டி வரும். அபூர்வமாக இதயத்தைச் சுற்றி ரத்தம் கசியலாம். செய்துகொண்ட பிறகும் டாக்டர் சொல்லாமல் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நிறுத்தக் கூடாது.

இனி என் கருத்து. இந்தச் சிகிச்சை, நோய் தொடங்கிய காலத்தில் செய்தால்தான் நல்ல பலன் தரும். வருடக்கணக்கில் விட்டால் மேலறை விரிந்து, அதன் சுவரே மாறிவிடும். நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? நெஞ்சு படபடத்தால் "வாயு" என்கிறோம். குற்றாலத்தில் படியேற மூச்சு வாங்கினால் "வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்கிறோம். பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. கடைசியில் வாய் கோணிய பிறகுதான் நோயே தெரிகிறது. கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மலையடிவாரத்துக் கிராமத்துக்காரர் நேரத்துக்குப் போய்ச் சேர்வாரா?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம். வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். 65 வயது தாண்டியவர்களுக்கு ஒரு நிமிடம் நாடி பார்ப்பதையும் அதில் கட்டாயமாக்க வேண்டும். இதற்கு மெஷின் வேண்டாம், கடிகாரமும் இரண்டு விரலும் போதும். துடிப்பு தாறுமாறாக இருந்தால் உடனே ஈசிஜி எடுக்க அனுப்பட்டும். தாறுமாறான நாடி எல்லாமே இந்த நோய் ஆகாது; அதை ஈசிஜி சொல்லிவிடும். பெரிய நகரத்து அப்லேஷன் நம் ஊர்க்காரருக்கும் பயன்பட வேண்டுமானால், முதல் படி அவர் வீட்டுத் திண்ணையில் நடக்க வேண்டும்.

அரசு செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டாம். சீசனுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளே, அருவிக்குக் கிளம்பும் முன் அப்பா, அம்மா, ஆச்சி, தாத்தா மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். இந்த நோய் வந்து வந்து போகலாம். ஒருநாள் சரியாக இருந்தால் விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை வரும்போதும் பாருங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.