‘200-க்குள்தான்’ என்று அறிக்கையை மடித்து வைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 46. நான்கு ஏக்கரில் மல்லாட்டை போடுகிறேன். எங்கள் ஊர் முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மொத்த கொலஸ்ட்ரால் 186 என்று வந்தது. 200-க்குள் இருப்பதால் பயமில்லை என்கிறார்கள். ஆனால் என் அண்ணன் 51 வயதில், வாயுப்பிடிப்பு என்று சொல்லிக்கொண்டே களத்தில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்தப் பயத்தில் மல்லாட்டை தின்பதையும் வீட்டு எண்ணெயையும் நிறுத்திவிட்டு, ரேஷன் பாமாயிலுக்கு மாறிவிட்டோம். செய்தது சரியா? அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன்.
(திருவண்ணாமலை மாவட்ட வாசகர்)

பதில்: மருந்து சொல்வது மருத்துவர் வேலை. அறிக்கையில் என்ன இருக்கிறது என்பதையும், எண்ணெய் வித்தைப் பற்றியும் நான் சொல்கிறேன்.

மண் பரிசோதனை அறிக்கையில் தழைச்சத்தை மட்டும் பார்த்துவிட்டு, சாம்பல் சத்து வரியைப் பார்க்காமல் உரம் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ரத்தக் கொழுப்பு அறிக்கையும் அப்படித்தான். அதில் நான்கு வரிகள் உண்டு. உங்கள் அறிக்கையில் உள்ளவை இவை (எல்லாம் டெசி லிட்டருக்கு மில்லிகிராம்):

மொத்த கொலஸ்ட்ரால் 186. இது 200-க்குக் கீழே இருக்க வேண்டும், இருக்கிறது.
எச்.டி.எல். 30. ஆண்களுக்கு 40-க்கும், பெண்களுக்கு 50-க்கும் குறையக் கூடாது; உங்களுக்குக் குறைவு.
ட்ரைகிளிசரைடு 260. இது 150-க்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு அதிகம்.
எல்.டி.எல். 104. 100-க்குள் இருந்தால் நல்லது. உங்களுக்குச் சற்றே கூடுதல்.

கொழுப்பு தண்ணீரில் கரையாது. ரத்தமோ பெரும்பகுதி தண்ணீர். அதனால் கல்லீரல் கொழுப்பைப் புரதத்தோடு சேர்த்துச் சிறுசிறு பொதிகளாகக் கட்டி அனுப்புகிறது. எல்.டி.எல். என்பது கொலஸ்ட்ராலை உடம்பெங்கும் கொண்டுபோகும் பொதி. அது மிஞ்சினால் ரத்தக்குழாயின் சுவருக்குள் புகுந்து தங்கிவிடும். சொட்டுநீர்க் குழாயில் உப்புப் படிவது போல உள்பக்கம் ஒட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, சுவருக்குள்ளேயே கட்டி போலச் சேர்கிறது. பல வருடம் எந்த அறிகுறியும் காட்டாது. ஒரு நாள் அந்தக் கட்டி வெடித்தால் அதன்மேல் ரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. அதுதான் மாரடைப்பு.

எச்.டி.எல். என்பது மிஞ்சிய கொலஸ்ட்ராலைத் திரும்பக் கல்லீரலுக்கு எடுத்துப்போகும் பொதி. ஆகவே மொத்தக் கணக்கில் நல்லதும் கெட்டதும் கலந்தே இருக்கின்றன. நல்லது குறைந்தாலும் மொத்தம் குறையும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான்.

இதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. மொத்தத்தில் எச்.டி.எல்.லைக் கழியுங்கள். 186-இல் 30 போனால் 156. குழாய்க்குக் கெடுதல் செய்யும் எல்லாப் பொதிகளும் இந்த எண்ணில் அடங்கும். இது 130-க்குள் இருப்பது நல்லது. அண்ணன் 55 வயதுக்கு முன்பே நெஞ்சு நோயால் இறந்திருந்தால் அதையும் மருத்துவர் கணக்கில் சேர்ப்பார். எனவே ‘பயமில்லை’ என்று விட்டுவிடாமல், இந்த நகலோடு ஒரு முறை மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முகாமுக்குப் போகும் முன் டீ குடித்தீர்களா, சாப்பிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டபின் எடுத்தால் ட்ரைகிளிசரைடு ஏறியே காட்டும். முந்தைய நாள் மது அருந்தியிருந்தாலும் ஏறும். 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். தண்ணீர் மட்டும் குடிக்கலாம்.

இந்த அமைப்பு உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 100 பேரில் 72 பேருக்கு எச்.டி.எல். குறைவாக இருந்தது. சுமார் 30 பேருக்கு ட்ரைகிளிசரைடு அதிகம். மொத்த கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்தவர்கள் 14 பேர்தான். மொத்தத்தை மட்டும் பார்த்தால் எத்தனை பேர் விடுபட்டுப் போவார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி எண்ணெய்க்கு வருவோம். நீங்கள் மாறியது எதிர்த்திசையில். எல்.டி.எல்.லை ஏற்றுவது நிறைகொழுப்பு. அது பாமாயிலில் ஏறக்குறைய பாதி. நிலக்கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நல்லெண்ணெயில் இன்னும் சற்றுக் குறைவு. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு. ஆகவே வீட்டு நிலக்கடலை எண்ணெய்க்கே திரும்புங்கள், ஆனால் அளவோடு. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு எல்லா எண்ணெயும் சேர்த்து மாதம் 3 லிட்டர் போதும். வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். கடலையையும் நிறுத்த வேண்டாம். உப்பில்லாமல் வேகவைத்தோ வறுத்தோ தினம் ஒரு கைப்பிடி தின்னலாம்.

ட்ரைகிளிசரைடை ஏற்றுவது பெரும்பாலும் தட்டில் குவியும் சோறு, சர்க்கரை, மது இவைதாம். தேவைக்கு மேல் போகும் மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றிவிடுகிறது. நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால், டீயிலேயே 40 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. சோற்றைக் கால் பங்கு குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், கீரை வையுங்கள். பீடி, சிகரெட் எச்.டி.எல்.லைக் குறைக்கும், பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ‘காட்டு வேலை செய்கிற உடம்புக்குக் கொழுப்பு ஏது’ என்றும் இருக்க வேண்டாம். உழவுக்கு டிராக்டர், வயலுக்குப் போக பைக் என்று ஆகிவிட்டது. தினம் அரை மணி நேரம் வேகமாக நடங்கள்.

கடைசியாக உங்கள் அண்ணன் விஷயம். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்கு வலி பரவுதல், குப்பென்று வேர்த்தல், மூச்சு வாங்குதல் இவற்றில் எது வந்தாலும் வாயு என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்குப் போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். கொழுப்பு மாத்திரை சாப்பிட்டு எல்.டி.எல். 62-க்கு வந்துவிட்டது. ‘இனி எதற்கு, ஈரல் கெட்டுவிடும்’ என்று நிறுத்திவிட்டார். என்ன செய்வது?
(தஞ்சாவூர் மாவட்ட வாசகி)

பதில்: இன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், அம்மா. வயலில் தேங்கிய நீர் வடிந்துவிட்டது என்று வடிகாலை மூடினால், அடுத்த மழைக்கு மறுபடி தேங்கும். 62 என்பது மாத்திரை வேலை செய்ததால் வந்த எண். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய நிலைக்கு ஏறிவிடும். ஸ்டென்ட் வைத்தவருக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழேயே இருக்க வேண்டும்; இன்னும் கீழே வைக்கச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு.

ஸ்டேட்டின் என்னும் இந்த மாத்திரையின் மூலம் நம் தொழிலோடு சேர்ந்தது. ஜப்பானில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து வேளாண்மை படித்த அகிரா எண்டோ, 6,000-க்கு மேற்பட்ட பூஞ்சண வகைகளைச் சோதித்து, 1973-இல் அதன் முதல் பொருளைக் கண்டறிந்தார். கியோட்டோ நகரத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் இருந்த பூஞ்சணம் தந்தது அது. கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை அது தடுக்கிறது. ஈரல் பாதிப்பு அரிது. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சதைவலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையையோ அளவையோ மாற்றித் தருவார். தானாக நிறுத்துவதுதான் ஆபத்து.

கேள்வி: எங்கள் ஊர்ச் செக்கில் ‘கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்’ என்று எழுதி, விலை கூட்டி விற்கிறார்கள். வாங்கலாமா?
(நாமக்கல் மாவட்ட வாசகர்)

பதில்: எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் சொல்லும்படி கிடையாது. அது முட்டை, இறைச்சி, பால், நெய் போன்ற கால்நடைப் பொருள்களில் இருப்பது. ஆகவே அந்த வாசகத்துக்காகக் கூடுதல் காசு தர வேண்டாம். செக்கில் ஆட்டுவதால் நிறைகொழுப்பின் அளவும் மாறாது. மணத்துக்கும் ருசிக்கும் வாங்கலாம். ஆனால் செக்கு எண்ணெய் சுத்திகரிக்கப்படுவதில்லை. பூஞ்சணம் பிடித்த பருப்பை ஆட்டினால் அதன் நச்சும் எண்ணெயில் வரும். அது கல்லீரலுக்குக் கெடுதல். சொந்தக் கடலையை ஆட்டுபவர்கள் ஈரப்பதம் 8 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைத்து, சுருங்கியதையும் கறுத்ததையும் பொறுக்கி எறிந்துவிட்டு ஆட்டுங்கள்.

வீட்டில் பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தால் இன்று எடுத்து நான்கு வரிகளையும் படித்துப் பாருங்கள். மொத்தம் மட்டும் போட்டிருந்தால், அடுத்த முறை நான்கையும் கேட்டு வாங்குங்கள்.