இடைவேளைக்கு ஒரு நான்காவது ஆள்

ஜனவரியில் பள்ளி திறந்த முதல் வாரம். உயர்நிலை இரண்டில் படிக்கும் என் தம்பி வீட்டுக்கு வந்ததும் பையைத் தரையில் போட்டுவிட்டு, “அக்கா, இடைவேளை இவ்ளோ நீளம்னு எனக்கு இப்பத்தான் தெரியுது,” என்றான். அரை மணி நேரம்தான். அதில் பாதி, சோறு வாங்க வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். மீதி இருக்கும் பதினைந்து நிமிடம் அவனுக்கு ஒரு மணி நேரம்போலத் தெரிந்திருக்கிறது.

காரணம் உங்களுக்கே தெரியும். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசியும் திறன்கடிகாரமும் பயன்படுத்தக்கூடாது என்று கல்வி அமைச்சு சென்ற ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி அறிவித்தது. 2026 ஜனவரியில் அது நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு பாட நேரத்துக்கு மட்டும்தான் தடை. இப்போது இடைவேளை, இணைப்பாட நடவடிக்கை, துணைப்பாட வகுப்பு எல்லாமே அதில் அடக்கம். தொடக்கப் பள்ளிகளில் ஓராண்டுக்கு முன்பே இது வந்துவிட்டது. முன்கூட்டியே தடையை அமல்படுத்திய சில உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்களின் கவனம் கூடியது, இடைவேளையில் நேருக்கு நேர் பேசிப் பழகுவது அதிகரித்தது என்றும் அமைச்சு கூறியது.

தடை தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் எனக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. அதன் விளைவை ஒவ்வொரு நாளும் மதியச் சாப்பாட்டு மேசையில் பார்க்கிறேன். ஐந்து பேர் உட்கார்ந்திருப்போம், ஐந்து பேரும் வேறு வேறு இடத்தில் இருப்போம்.

ஆனால் தம்பி சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை யோசிக்க வைத்தது. அவன் வகுப்பில் ஒரு மாணவன் இருக்கிறான். சென்ற ஆண்டு வேறு பள்ளியிலிருந்து வந்தவன். அதிகம் பேசமாட்டான். முன்பு இடைவேளையில் திறன்பேசியைப் பார்த்துக்கொண்டே தனியாகச் சாப்பிடுவான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எல்லாரும் அப்படித்தானே உட்கார்ந்திருந்தார்கள்! இப்போது கையில் ஒன்றும் இல்லாமல் அதே மூலையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் தனியாக இருப்பது முழு சிற்றுண்டிச்சாலைக்கும் தெரிகிறது. அவனுக்கும் அது தெரிகிறது.

நண்பர்கள் உள்ளவர்களைத் திறன்பேசி பிரித்தது உண்மை. நண்பர்கள் இல்லாதவர்களுக்கு அது ஒரு மறைப்பாகவும் இருந்தது. அந்த மறைப்பை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் என்ன கொடுத்தோம் என்பதே என் கேள்வி.

தம்பியின் பள்ளி ஒன்றும் செய்யாமல் இல்லை. இரண்டாவது வாரமே சிற்றுண்டிச்சாலை ஓரத்தில் ஒரு மேசை போட்டு, பலர் நன்கொடையாகக் கொடுத்த பலகை விளையாட்டுகளை அடுக்கிவைத்தார்கள். மோனோபோலி இரண்டு பெட்டி, பாம்பும் ஏணியும், காய்கள் பாதி தொலைந்துபோன சதுரங்கம் ஒன்று. முதல் மூன்று நாள் கூட்டம், அப்புறம் யாரும் போகவில்லை. மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்று ஆசிரியர் ஒருவர் சொன்னாராம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினைந்து நிமிடத்தில் மோனோபோலி விளையாடச் சொன்னால் யார்தான் விளையாடுவார்கள்?

மோனோபோலியின் கதையே வேடிக்கையானது. நில உரிமையாளர்கள் வாடகை வாங்கி மற்றவர்களை எப்படி ஏழையாக்குகிறார்கள் என்று காட்டத்தான் லிஸி மேகி என்ற அமெரிக்கப் பெண் அதன் மூல விளையாட்டை உருவாக்கி 1904ல் காப்புரிமை பெற்றார். அந்தப் பாடம் இன்றும் வேலை செய்கிறது. பணம் தீர்ந்தவர் வெளியேறிவிட வேண்டும், மற்றவர்கள் முடிக்கும்வரை வேடிக்கை பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஒதுங்கி நிற்கிற ஒருவனை அழைத்துவந்து, மறுபடியும் ஒதுக்கி உட்காரவைக்கிற விளையாட்டு இடைவேளைக்கு எதற்கு?

“அப்போ எதை விளையாடுறது?” என்று தம்பி கேட்டான். நானும் என் வகுப்புத் தோழிகளும் இரண்டு மாதம் சனிக்கிழமைகளில் அதைத்தான் தேடினோம். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசை இருக்கிறது. பெரும்பாலும் அங்கேதான் விளையாடினோம். காற்றில் சீட்டு பறக்கும், மற்றபடி குறையில்லை.

சிலவற்றை உடனே ஒதுக்கிவிட்டோம். 1995ல் வந்த கேட்டான் அருமையான விளையாட்டு, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். ‘எக்ஸ்புளோடிங் கிட்டன்ஸ்’ 2015ல் இணையம்வழி நிதி திரட்டியபோது 219,000க்கும் மேற்பட்டோர் பணம் போட்ட விளையாட்டு. சிரிப்புக்குக் குறைவில்லை, ஆனால் அதிலும் வெடித்தவர் வெளியே. ‘சுஷி கோ’ பிடித்தது. கையில் உள்ள சீட்டுகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடுவதால் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. பதினைந்து நிமிடத்தில் முடியும்.

‘தி மைண்ட்’ வேறு ரகம். ஒன்று முதல் நூறு வரை எண்கள். ஒரு வார்த்தை பேசாமல், சைகை காட்டாமல், எல்லாருமாகச் சேர்ந்து ஏறுவரிசையில் போட வேண்டும். என் கையில் 34. நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள்? உங்களிடம் 31 இருக்கிறதா, 60 இருக்கிறதா? எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு இது எவ்வளவு நிம்மதி தெரியுமா? பேசாமல் இருப்பதே விதி!

ஆனால் பெட்டிகள் காசு கேட்கின்றன. நான் பார்த்த கடைகளில் சிறிய பெட்டிகளே இருபது, முப்பது வெள்ளி. சாதாரண சீட்டுக்கட்டு இரண்டு வெள்ளி. அதில் தாய்டீ விளையாடலாம், பிரிட்ஜ் விளையாடலாம், இன்னும் எத்தனையோ. நாங்கள் திரும்பத் திரும்ப வந்து நின்றது அந்த 52 சீட்டில்தான்.

குறிப்பாக, தொடக்கக் கல்லூரி மாணவர்கள் பலருக்கும் தெரிந்த சிங்கப்பூர் பாணி பிரிட்ஜ். நான்கு பேர், ஆளுக்கு 13 சீட்டு. ஏலத்தில் வென்றவர் துருப்பைச் சொல்லிவிட்டு, தன்னிடம் இல்லாத ஒரு சீட்டின் பெயரைச் சொல்வார். “ஸ்பேடு ஏஸ்.” அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் கூட்டாளி. ஆனால் அவர் வாய் திறக்கக்கூடாது. அந்தச் சீட்டு மேசையில் விழும்வரை யார் யாருடைய பக்கம் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. யாருடன் சேர்ந்து ஆடப்போகிறோம் என்பதை நட்பு தீர்மானிப்பதில்லை, சீட்டு தீர்மானிக்கிறது. இன்னொன்று, மூன்று பேர் இருந்தால் ஆட முடியாது. நான்காவது ஆளைத் தேடியே ஆகவேண்டும். ‘பாவம், தனியா இருக்கான், வரச்சொல்லு’ என்று ஒருவனை அழைப்பதற்கும், ‘ஆள் குறையுது, வாடா’ என்று அழைப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

தம்பி ஒரு கட்டை எடுத்துப் போனான். முதல் நாளே அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பள்ளி விதிகளில் சூதாட்டப் பொருள்கள் என்ற தலைப்பின்கீழ் சீட்டுக்கட்டும் இருக்கிறது.

கோபம் வந்தது. ஆனால் வீட்டில் பாட்டியிடம் சொன்னபோது அவர் பள்ளியின் பக்கம்தான் நின்றார். “செஞ்சது சரிதான். சீட்டு வீட்டுக்குள்ளயே வரக்கூடாது.” துறைமுகத்தில் வேலை பார்த்த தாத்தா சம்பள நாளன்று சீட்டாடப் போய்விட்டு வெறுங்கையுடன் திரும்பிய இரவுகளை அவர் மறக்கவில்லை. நம் வீடுகளில் சீட்டு என்றாலே முகம் மாறுவதற்கு இப்படிப்பட்ட காரணங்கள் உண்டு. அதைப் பழைய காலத்துப் பயம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

ஆனாலும் பாட்டியைக் காயப்படுத்தியது சீட்டா, அதன்மேல் வைத்த பணமா? 2022ல் நிறைவேறிய சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டமே, வீட்டில் குடும்பத்தினரும் நண்பர்களும் கூடி ஆடுவதற்கு விலக்கு அளிக்கிறது. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆண்கள் குழு பிரிட்ஜில் சிங்கப்பூர் தங்கம் வென்றது. மேடையில் நின்றால் பதக்கம், சிற்றுண்டிச்சாலையில் எடுத்தால் பறிமுதல் என்பது எனக்குப் புரியவில்லை. இன்னும் வேடிக்கை, அதே பள்ளியின் மேசையில் ஊனோ இருக்கிறது. 1971ல் அமெரிக்க முடிதிருத்துநர் ஒருவர் உருவாக்கிய ஊனோவும் சாதாரணக் கட்டில் ஆடும் பழைய சீட்டாட்டம் ஒன்றின் வழிவந்ததுதான். பந்தயம் கட்ட நினைக்கிறவன் ஊனோவிலும் கட்டுவான், காற்பந்திலும் கட்டுவான்.

காசு வைத்தால் தடை செய்யுங்கள். பத்துக் காசாக இருந்தாலும் சரி. சீட்டைத் தடை செய்யாதீர்கள். ஆசிரியர் பொறுப்பில் கட்டுகள் இருக்கட்டும், மாணவர்கள் கேட்டு வாங்கி ஆடட்டும்.

இந்த இடத்தில் தமிழ் விளையாட்டுகள் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். தாய்மொழி இருவாரத்தில் பல்லாங்குழி வெளியே வரும். பக்கத்து மேசையில் மலாய் மாணவர்களின் சொங்காக் இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம், பக்கத்துக்கு ஏழு குழி. சொங்காக்கில் மட்டும் இரு முனையிலும் பெரிய வீடுகள் உண்டு. படம் எடுப்போம். மறுநாள் அலமாரிக்குள் போய்விடும், அடுத்த ஆண்டுவரை. இடைவேளை மேசையில் இவை ஏன் நிரந்தரமாக இருக்கக்கூடாது?

எங்களுக்கு அதைவிட அதிகம் கைகொடுத்தது ‘கோட்நேம்ஸ்’. 2016ல் ஜெர்மனியின் ஆண்டுச் சிறந்த விளையாட்டு விருதைப் பெற்றது அது. மேசையில் 25 சொற்கள். அணித்தலைவர் ஒரே ஒரு சொல்லைக் குறிப்பாகக் கொடுப்பார், அது எத்தனை சொற்களைச் சுட்டுகிறது என்று ஓர் எண்ணும் சொல்வார். பெட்டியில் இருந்தது ஆங்கிலம். நாங்கள் பழைய பயிற்சித்தாளைக் கிழித்துத் தமிழ்ச் சொற்களை எழுதிக்கொண்டோம். இந்த விளையாட்டு தமிழுக்கென்றே செய்ததுபோல் இருந்தது! “மாலை, இரண்டு” என்றேன். சூரியன், கல்யாணம். தோழி உடனே பிடித்துவிட்டாள்.

ஒரு நாள் மழை, வீட்டிலேயே ஆடினோம். சீட்டு இல்லை, வெறும் தாள் என்றதும் பாட்டியும் வந்து உட்கார்ந்தார். அவர் கொடுத்த குறிப்பு: “படி, மூனு.” புத்தகம் எடுத்தோம். மாடி எடுத்தோம். மூன்றாவது? பத்து நிமிடம் விழித்தோம். அரிசி! அரிசியைப் படியால் அளப்பார்கள் என்பது எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ‘எனக்குத் தமிழ் வராது’ என்று எப்போதும் சொல்லும் தோழி, அன்று வீட்டுக்குப் போகும்வரை ‘படி’க்கு இன்னும் என்னென்ன பொருள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

விளையாட்டு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் நம்பவில்லை. பிரிட்ஜ் நன்றாக ஆடுகிற நான்கு பேர் ஒன்றாக ஒட்டிக்கொண்டால், புதிதாக வருகிறவனை ‘உனக்கு ஆடத் தெரியாது’ என்று துரத்திவிடலாம். என் கல்லூரியிலேயே அப்படி ஒரு மேசை உண்டு, முதலாம் ஆண்டில் நான் அங்கே ஒரு முறை போய் மறுமுறை போகவில்லை. அதனால் பெட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போனால் போதாது. சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். தடிமனான விதிப்புத்தகத்தைப் பதினைந்து நிமிட இடைவேளையில் யாரும் படிக்கப்போவதில்லை. உயர்நிலை மூன்று, நான்கு மாணவர்களில் ஆர்வமுள்ள இரண்டு பேரை வாரத்துக்கு ஒரு நாள் அந்த மேசையில் உட்காரவைத்தாலே போதும்.

தம்பி இதையெல்லாம் அரைப்பக்கத்தில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்தான். நான் எழுத்துப்பிழை மட்டும் திருத்தினேன். சீட்டுக்கு இன்னும் அனுமதி இல்லை. ‘தி மைண்ட்’ பெட்டியைக் கொண்டுவரலாம் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு நான்கு பேர் வரை சேரலாம். மூன்று பேர் ஏற்கெனவே இருந்தார்கள். நான்காவதாக அந்த மாணவனைக் கேட்டதற்கு, “எனக்குத் தெரியாதே,” என்றானாம். “எங்களுக்கும் தெரியாது, பேசாம உக்காரு,” என்றிருக்கிறான் தம்பி.

மூன்றாம் நிலைவரை போனார்களாம். மணி அடித்துவிட்டது.